டெஸ்டர் சித்தப்பா

சட்டைப் பையில் பேனா வைத்திருப்பவர் எல்லாம் தன்னை எழுத்தாளர் என்று நினைத்துக்கொள்வதில்லை. டெஸ்டர் வைத்திருப்பவர் மட்டும் எப்படியோ தன்னை எலக்ட்ரீஷியன் என்று நம்பிவிடுகிறார். எங்கள் குடும்பத்தில் அவர் சித்தப்பா. உங்கள் குடும்பத்தில் தாய்மாமாவாக இருக்கலாம், மாடி வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டராகவும் இருக்கலாம். ஆள் மாறினாலும் வசனம் மாறாது: "இதுக்கு எதுக்குடா ஆளைக் கூப்பிடணும்? ரெண்டே ரெண்டு ஒயர்!"

சித்தப்பாவின் தொழிற்சாலை ஒரு பழைய பிஸ்கட் டின். பிசுபிசுத்துப்போன இன்சுலேஷன் டேப், எந்த வீட்டிலிருந்து கழற்றியது என்று தெரியாத மூன்று சுவிட்சுகள், செத்ததா பிழைத்ததா என்று யாருக்கும் தெரியாத ஒரு கண்டென்சர் எல்லாம் அதில் உண்டு. ஒயர் தோலை உரிக்கத் தனிக் கருவி கிடையாது. பல் இருக்கிறதே!

ஆனால் தனியாக வேலை பார்க்க அவரால் ஆகாது. ஸ்டூலைப் பிடிக்க ஒருவர், டார்ச் அடிக்க ஒருவர், சுவிட்ச் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். "போடு!" "போட்டாச்சு!" "எதைடா போட்ட?" "நீங்க சொன்னதைத்தான் சித்தப்பா!" "நான் எப்படா அதைச் சொன்னேன்?" இந்த உரையாடல் நடக்காமல் அந்த வீட்டில் ஒரு பல்பு எரிந்ததில்லை.

அவர் கை பட்ட சுவிட்ச் போர்டுக்கு வழிகாட்டி தேவை. ஹாலில் ஐந்து சுவிட்சுகள். முதலாவது ஃபேன். இரண்டாவது ஒன்றுமில்லை. மூன்றாவதைப் போட்டால் கொல்லைப்புற விளக்கு எரியும். நான்காவது ட்யூப் லைட், ஆனால் ஐந்தாவதும் போட்டிருந்தால்தான் எரியும். விருந்தாளி கையை நீட்டினாலே வீடு மொத்தமும் "அது இல்லே!" என்று அலறும்.

ஒருமுறை படுக்கையறை ஃபேனுக்குக் கண்டென்சர் மாற்றினார். ஃபேன் அழகாகத்தான் சுற்றியது, காற்றுதான் வரவில்லை. கண்டென்சர் ஒயரை வேறு காயிலுக்குக் கொடுத்ததில் றெக்கை எதிர்ப்பக்கம் சுழன்று காற்றைக் கூரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சித்தப்பா அசரவில்லை. "காத்து முதல்ல மேல போகும், அப்புறம் சுவர் வழியா இறங்கும். கொஞ்சம் பொறு." நாங்கள் ஒரு கோடைகாலம் பொறுத்தோம்.

போன சித்திரையில் ஹால் ஃபேனை மாற்றுவதென்று முடிவானது. காரணம் கரண்ட் பில். "பழசு எழுபத்தஞ்சு வாட். பதிமூணு மணி நேரம் சொச்சம் ஓடினா ஒரு யூனிட்டைத் தின்னுரும். புது பிஎல்டிசி முப்பது வாட்தான். அதே யூனிட்ல முப்பத்து மூணு மணி நேரம் ஓடும்." கணக்கில் குறை சொல்ல முடியாது. சித்தப்பா கணக்கில் என்றுமே புலி. கரண்ட்டில்தான் சிக்கல்.

"மெயினை அணைச்சிரட்டுமா?" என்று சித்தி கேட்டார்.

"ஃப்ரிட்ஜ்ல பால் கெட்டுரும். சுவிட்சை அணைச்சாப் போதும்."

அணைத்தார். போர்டைத் திறந்தார். டெஸ்டர் முனையைச் சுவிட்சின் ஒரு பக்கம் வைத்து, தலையில் விரலை அழுத்தினார். எரிந்தது. அடுத்த பக்கம் வைத்தார். எரியவில்லை. "ஒரு பக்கம் வருது, மறுபக்கம் வரலை. கணக்கு சரி" என்று ஸ்டூலில் ஏறினார்.

கணக்கு சரியில்லை. சுவிட்ச் ஃபேஸில் இருந்தாலும் சரி, தப்பாக நியூட்ரலில் இருந்தாலும் சரி, அணைத்து வைத்த சுவிட்சில் டெஸ்டர் இப்படித்தான் ஒரு பக்கம் எரியும், ஒரு பக்கம் எரியாது. நியூட்ரலில் இருந்தால், சுவிட்சை அணைத்ததும் ஃபேன் நிற்கும். ஆனால் 230 வோல்ட் ஃபேனுக்குள் வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். எரிகிற பக்கத்துக்குக் கரண்ட் வருவதே ஃபேன் வழியாகத்தான்.

சித்தப்பா மேலே இருந்த கப்பை இறக்கி, ஒரு கையால் ராடைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒயரைத் தொட்டார். அடுத்த கணம் அவர் ஸ்டூலில் இல்லை, சோபாவில் இருந்தார். அறுபத்திரண்டு வயதில் அப்படி ஒரு தாவலை நான் பார்த்ததில்லை.

கையை உதறிக்கொண்டே, வயரிங் வேலைக்கு வருகிற எல்லோரும் முதலில் சொல்கிற அதே வார்த்தையைச் சொன்னார்: "எந்த மடையன்டா இந்த வேலையைப் பார்த்தது? சுவிட்சை நியூட்ரல்ல கொடுத்திருக்கான்!"

சித்தி தண்ணீர்ச் சொம்பை நீட்டியபடி நிதானமாகச் சொன்னார்: "தொண்ணூத்தாறுல, பெங்களூர்ல பாகிஸ்தானோட குவார்ட்டர் ஃபைனல் அன்னைக்கு மாட்டினது. எலக்ட்ரீஷியன் வர்றதுக்குள்ள டாஸ் போட்டுருவாங்கன்னு நீங்கதான் அவசர அவசரமா கொடுத்தீங்க."

அன்றைக்கு இந்தியா ஜெயித்தது. ஒயர் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்து பழிவாங்கியது.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தார். மெயினை அணைத்தார். சுவிட்சை ஃபேஸுக்கு மாற்றினார். பிஎல்டிசி ஃபேனுக்கு ரெகுலேட்டர் ஆகாது, ரிமோட் போதும் என்று பழைய ரெகுலேட்டரைக் கழற்றி, ஒயரை நேராகக் கொடுத்தார். கொக்கி, போல்ட், பின் எல்லாவற்றையும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. டார்ச்சுடன் பின்னால் நின்ற சித்தப்பா, "நானும் இதைத்தான் நினைச்சேன்" என்றார். கழற்றிய ரெகுலேட்டர் பிஸ்கட் டின்னுக்குள் போனது.

டெஸ்டர் இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஆனால் அவர் அதில் கை வைத்த அடுத்த நிமிஷம் சித்தி மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, அஞ்சறைப் பெட்டியில் மிளகுக்குப் பக்கத்தில் வைத்து மூடிவிடுகிறார். வேலை முடிந்து, சித்தப்பா தரையில் இரண்டு காலையும் ஊன்றி நின்ற பிறகுதான் பெட்டி திறக்கும். உங்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பா இருந்தால் அவர் கையிலிருந்து டெஸ்டரைப் பிடுங்கப் பார்க்காதீர்கள், நடக்காது. ஃபியூஸைப் பிடுங்குங்கள். பால் கெட்டால் வேறு பாக்கெட் வாங்கிக்கொள்ளலாம்.