நாலு சென்டிமீட்டர் குச்சிக்கு நாலு நாட்டாமை

நீளம் நாலு சென்டிமீட்டர், கனம் இரண்டு மில்லிமீட்டர். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி ஒடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. இம்ப்ளானன் என்று பெயர். மேல்கையின் உட்பக்கத்தில், தோலுக்குக் கீழே செருகிவிட்டால் மூன்று வருஷத்துக்குக் கர்ப்பக் கவலை இல்லை. மரத்துப்போக ஓர் ஊசி, குச்சியைத் தள்ள ஒரு கருவி, மேலே ஒரு கட்டு. சில நிமிஷ வேலை.

சிட்னியில் இந்தச் சில நிமிஷ வேலைக்கு யார் கை வைக்கலாம் என்று நடக்கிற பஞ்சாயத்து, எங்கள் ஊர்த் தேரில் முதல் மரியாதை யாருக்கு என்று நடக்கிற பஞ்சாயத்தை மிஞ்சிவிடும். டாக்டர் சங்கங்கள் பரிவட்டத்தை விடமாட்டேன் என்கின்றன. மருந்துக்கடைக்காரர்கள் எங்களுக்கும் ஒரு மாலை என்று வந்து நிற்கிறார்கள். மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் தர்மகர்த்தா, ரசீதில் யார் பெயர் என்பதில் மட்டும் கண்ணாக இருக்கிறார். சாமி யாரென்று கேட்கிறீர்களா? அவள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். வடம் பிடிக்கிறவர் நர்ஸ். அவருக்குப் பிரசாதம்கூடக் கிடையாது.

வென்ட்வொர்த்வில்லில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். ஒரு ஜி.பி. கிளினிக்கில் நர்ஸ். அதற்கு முன்னால், 1990களின் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்து அரசு நர்ஸைத் தெரிந்தவர்களுக்கு ‘கேஸ் பிடிப்பது’ என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. கு.க. ஆபரேஷனுக்கு இத்தனை கேஸ், காப்பர் டி-க்கு இத்தனை கேஸ் என்று மேலிருந்து டார்கெட் வரும். மார்ச் நெருங்கினால் சிவப்பு முக்கோணம் கனவில் வரும். பிள்ளை பெற்ற களைப்பில் கிடக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே காப்பர் டி வைத்து அனுப்பினார்கள் என்பது தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளின் வரலாற்றில் பதிவான சங்கதி. இலக்கு முறையை மத்திய அரசு கைவிட்டது 1996-இல்.

“கணக்கே வச்சுக்கலைம்மா. நூத்துக்கணக்குல வச்சிருக்கேன். கேட்டு வச்சது எத்தனை, கேக்காம வச்சது எத்தனைன்னு கேக்காத” என்றார் அக்கா. தேநீர் ஆறிப்போகிற வரைக்கும் வேறெதுவும் பேசவில்லை.

அதே அக்கா இன்று கிளினிக்கில் தட்டு ஏந்துகிறார். தட்டில் கையுறை, பஞ்சு, ஊசி, குச்சி எல்லாம் தயார். வந்திருக்கிற பெண்ணோடு அரைமணி நேரம் உட்கார்ந்து, மாத்திரையா, குச்சியா, கருப்பையில் வைக்கிற மிரீனாவா, எதில் ரத்தப்போக்கு மாறும், எதை எப்போது எடுக்கலாம் என்று விளக்குகிறவரும் அவர்தான். அப்புறம் டாக்டர் உள்ளே வருவார். குச்சியைத் தள்ளுவார். போய்விடுவார். ரசீது அவர் பேரில். சாதாரண நர்ஸுக்குக் கை பழகவில்லையா? பயிற்சி எடுத்த நர்ஸுகள் இதே ஊரில் வைக்கத்தான் வைக்கிறார்கள். ஆனால் அவர்கள் கைக்கென்று மெடிகேர் பட்டியலில் எண் இல்லை. எண் இல்லாத வேலைக்கு எந்தக் கிளினிக் முதலாளி மணிநேரம் ஒதுக்குவார்?

“அங்க என் கைக்கு டார்கெட் இருந்துச்சு. இங்க என் கைக்கு நம்பர் இல்ல” என்றார் அக்கா. இலவசமாக அதட்டி வாங்கும்போது திறமையாக இருந்த கை, கூலி கேட்கும்போது மட்டும் எப்படித் திறமை இழந்துவிடுகிறது? மருத்துவ உலகம் ஆராய வேண்டிய விந்தை இது.

வரலாற்றைப் பார்த்தால் வயிறு இன்னும் எரியும். 1933-இல் சிட்னி மார்ட்டின் பிளேஸில் கருத்தடை நிலையம் ஒன்றைத் திறந்தவர் லில்லி குடிசன். நர்ஸ் பயிற்சி பெற்றவர். எண்ணமும் நல்லது என்று கும்பிட்டுவிட முடியாது. அந்த நிலையத்தை நடத்திய சங்கத்தின் பெயரே இனத் தூய்மைச் சங்கம். ‘தகுதியில்லாதவர்கள்’ பெருகக் கூடாது என்பது அதன் கவலை. குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் என்று 1960-இல் கௌரவமாகப் பெயர் மாற்றிக்கொண்டார்கள். மார்ட்டின் பிளேஸில் இனத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், ஈரோட்டுக்காரர் ஒருவர், கருத்தடை வேண்டுவது பெண்ணின் உடல்நலத்துக்காகவோ நாட்டின் வறுமைக்காகவோ அல்ல, பெண்ணின் விடுதலைக்காக என்று எழுதிக்கொண்டிருந்தார். அவர் பேரைச் சொல்லித்தான் எங்கள் ஆட்சிகள் பிற்பாடு கேஸ் பிடித்தன.

கருத்தடை மாத்திரை ஆஸ்திரேலியாவுக்கு வந்தது 1961-இல். உலகத்திலேயே முன்வரிசையில் வாங்கிய தேசம். வாங்கிய கையோடு அதன்மேல் 27.5 சதவீத ஆடம்பர வரியையும் போட்டார்கள். ஆமாம், ஆடம்பரம். ஆறாவது பிள்ளை வேண்டாம் என்று நினைப்பது எவ்வளவு சொகுசு! விட்லம் பிரதமராக ஆட்சிக்கு வந்த 1972-இல்தான் அந்த வரி போயிற்று. அதன்பிறகும் அரசு மானியப் பட்டியலில் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு புது மாத்திரையும் ஏறவில்லை. 2025 மார்ச்சில் யாஸும் யாஸ்மினும் ஏறின. அமைச்சர்கள் மாத்திரை அட்டையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். மெடிகேர் அட்டையே கிடைக்காத மாணவிகளுக்கு, பாரமட்டாவில் நாலு பேர் ஓர் அறையில் படுத்து உணவகத்தில் தட்டுக் கழுவுகிற நம் பிள்ளைகளுக்கு, அந்த மானியமும் இல்லை. அவர்களைப் படத்தில் சேர்க்கவில்லை.

இப்போது நாட்டாமைகளைப் பார்ப்போம். நியூ சவுத் வேல்ஸில் 2023 செப்டம்பர் முதல், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவளுக்குப் பயிற்சி பெற்ற மருந்துக்கடைக்காரரே மறுபடி தரலாம். ஐயோ ஆபத்து என்று டாக்டர்கள் தரப்பு கூவியது. ஷாம்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்று தரலாம். வருஷக்கணக்காகக் கருத்தடை ஆலோசனையே தொழிலாக வைத்திருக்கிற நர்ஸ் எழுதித் தரக் கூடாது என்றிருந்தது. அப்புறம் 2025 செப்டம்பர் 30-இல் பெரிய மனசு பண்ணி, பதிவு பெற்ற நர்ஸும் மருந்து எழுதலாம் என்று விதி கொண்டுவந்தார்கள். கடைசி ஆறு வருஷத்தில் ஐயாயிரம் மணி நேர அனுபவம், மேற்படிப்பு, ஆறு மாதம் மேற்பார்வை, அதற்கப்புறமும் மருந்து எழுதும் அதிகாரமுள்ள இன்னொருவரோடு கூட்டு. தனியாக எழுதக் கூடாது. மாநிலச் சட்டமும் இடம் கொடுக்க வேண்டும்.

2025 நவம்பர் 1 முதல் நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு, அதாவது முதுகலை படித்து மேல்நிலை அங்கீகாரம் வாங்கியவர்களுக்கு, குச்சியும் மிரீனாவும் வைக்க மெடிகேர் கதவு திறந்தது. நல்லது. அக்கா போன்ற ஆயிரக்கணக்கான சாதாரண நர்ஸுகள் அந்தக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

மெல்போர்ன்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே அரசுப் பணத்தில் கத்தோலிக்க அமைப்புகள் நடத்துகிற பொது மருத்துவமனைகள், மதக் கொள்கையைக் காட்டிக் கருத்தடையைத் தள்ளிவைக்கின்றன. வரிப்பணத்துக்கு மதம் கிடையாது, சேவைக்கு மட்டும் உண்டு. பெண்ணுக்குக் கிடைப்பது அவள் குடியிருக்கும் அஞ்சல் எண்ணைப் பொறுத்தது என்று செனட் விசாரணையே 2023-இல் எழுதிவைத்தது. முப்பத்தாறு பரிந்துரைகள். தடிமனான அறிக்கை, கதவு சாத்தாமல் முட்டுக் கொடுக்க வசதி.

நம்மவர்களையும் விடுவதற்கில்லை. கோயில் மண்டபத்தில் இட்லி பரிமாறும்போது, “நம்ம பொண்ணுங்களுக்கு அதெல்லாம் எதுக்கு?” என்கிறார் ஓர் அங்கிள். இரண்டு பிள்ளையோடு அவர் நிறுத்தியது எப்படியாம்? ஊரில் ஆன்ட்டியின் வயிற்றில் கத்தி பட்டது. அங்கிளுக்கு வாசக்டமி என்ற சொல்லே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

உங்கள் ஜி.பி. கிளினிக்கில் அடுத்த முறை நேரம் கேட்கும்போது, “நர்ஸ் வைப்பாரா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மாட்டார் என்றால் ஏன் என்று கேளுங்கள். உங்கள் தொகுதி எம்.பி.க்கும் அதையே எழுதுங்கள். அக்காவுக்கு ஓய்வுபெற இன்னும் ஐந்து வருஷம்தான் இருக்கிறது.