மூணு நாள்ல அச்சேறணுமாலே?

ஒன் கட்டுரை மூணு நாள்ல அச்சுல வரணும், அம்புட்டுத்தானலே பேராண்டி? அதுக்கா இப்பிடி மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு திண்ணையில உக்காந்திருக்க? வழி இருக்கு. சொல்லுதேன், எழுதிக்கோ.

மொதல்ல ஒன் மெயிலத் தொற. விடிகாலையிலயே 'டியர் எமினண்ட் புரொஃபசர்'னு ஒருத்தன் கும்பிடு போட்டு எழுதியிருப்பான். ஒனக்கு இன்னும் டாக்டர் பட்டமே வரல. உங்கம்மா ஒன்னைய தடிமாடுன்னுதான் கூப்பிடுதா. எங்கயோ கெடக்கவனுக்கு ஒன் அருமை தெரிஞ்சிருக்கு பாரு. அவன் பத்திரிகை பேர வாசிச்சு முடிக்கதுக்குள்ள மூச்சு வாங்கும். அதுல வேதியியலும் வரும், வேதாந்தமும் வரும், வாழைக்கு உரம் வைக்கதும் வரும். இம்பேக்ட் ஃபேக்டர் 7.8ன்னு கொட்ட எழுத்துல போட்டிருப்பான். அத வருசா வருசம் கணக்குப் போட்டு வெளியிடுதது கிளாரிவேட்டுன்னு ஒரு கம்பெனி. அவங்க ஏட்டுல இவன் பேரத் தேடினா கெடைக்காது. கெடைக்காட்டா என்ன? தசமப் புள்ளி வெச்ச நம்பரப் பாத்தா நமக்கெல்லாம் கையெடுத்துக் கும்பிடத்தானே தோணும். இன்னைக்கு அனுப்பு, நாளைக்குப் பதில், நாளன்னைக்கு சர்ட்டிபிகேட்டு. கண்ணாடி போட்டு உங்க தாத்தா படத்துக்குப் பக்கத்துல மாட்டு. நான் இன்னும் உசுரோட இருக்கேன், பரவால்ல, எடம் போட்டு வெச்சுக்கோ.

எட்டாங்கிளாஸ் படிச்ச கெழவனுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னு முழிக்காத. காலேஜ் லைப்ரரியில அட்டெண்டரா இருந்தவம்லா நான். பைண்டு பண்ணுன ஜர்னலுக்கெல்லாம் தூசி தட்டினதும் நான்தான், வாத்தியாருமாரு டீ குடிச்சுக்கிட்டே பேசினதயெல்லாம் காதுல போட்டுக்கிட்டதும் நான்தான். அப்பம் வாசிக்கவன்தான் காசு குடுக்கணும். சந்தா வருசா வருசம் ஏறும், லைப்ரரியன் அய்யா பட்டியல எடுத்து வெச்சு ஒவ்வொரு பேரா அடிப்பாரு. கவர்மெண்டு சம்பளத்துல ஆராய்ச்சி பண்ணி, ஓசியில எழுதிக் குடுத்து, இன்னொரு வாத்தியாரு ஓசியில திருத்திக் குடுத்து, கடைசியில அதே கட்டுரைய காசு குடுத்து வாங்கணும். இந்தக் கூத்த மாத்தணும்னுதான் புடாபெஸ்ட்டுல கூடிப் பேசி, 2002ல ஒரு அறிக்கை விட்டாவ. அதுக்கு முன்னாலயே, 1991ல, பால் கின்ஸ்பார்க்னு ஒருத்தரு இயற்பியல்காரங்களுக்காக ஆர்க்சைவ்னு ஒண்ணு ஆரம்பிச்சு, கட்டுரைய யாரும் சும்மா எடுத்து வாசிக்கலாம்னு வெச்சுட்டாரு. நம்ம சென்னையில இருந்து சுப்பையா அருணாசலம்னு ஒருத்தரு, ஏழ நாட்டு ஆராய்ச்சி எல்லாத்துக்கும் கதவு தொறந்திருக்கணும்னு வருசக்கணக்காச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. நல்ல மனுசங்க, நல்ல எண்ணம்.

கதவு தொறந்துட்டு. ஆனா நடத்துத செலவ யாரு குடுக்கது? வாசிக்கவங்கிட்ட வாங்கினத எழுதுதவங்கிட்ட வாங்குன்னு ஒரு வழி வந்துது. பிராசசிங் சார்ஜ்னு பேரு. 'நேச்சர்' பத்திரிகை 2021ல ஒரு கட்டுரையத் தொறந்து போட 9,500 யூரோன்னு வெல வெச்சுது. நம்ம காசுக்கு எட்டு லட்சத்துக்கு மேல. நம்ம கெணத்தடி வயல வித்தாலும் ஒரு கட்டுரைக்குத்தான் காணும், ரெண்டாவதுக்கு உங்க அத்தை பங்கையும் கேக்கணும். ஏழ நாட்டுக்காரனுக்குத் தள்ளுபடி உண்டும்பான். சந்தோசமா எழுதிக் கேட்டா, முழுத் தள்ளுபடிப் பட்டியல்ல இந்தியா இல்லம்பான். பல எடத்துல அப்பிடித்தான். நாம வல்லரசாயிட்டோம்லா.

காசு வாங்குதது தப்புன்னு நான் சொல்லல. 2006ல ஆரம்பிச்ச 'பிளாஸ் ஒன்'னும் காசு வாங்குதான். இன்ன வெலன்னு மொதல்லயே எழுதிப் போட்டுட்டு, கட்டுரைய நாலு பேருக்கு அனுப்பி வாசிக்கச் சொல்லிட்டு வாங்குதான். மாட்டுச்சந்தையில துண்டப் போத்தி, உள்ள வெரலப் புடிச்சு வெல பேசுவாங்கள்லா? அங்க கூட மாடு கைமாறுததுக்கு முன்னாலதான் வெரலப் புடிப்பான். ஒன் எமினண்டுக்காரன் இருக்காம்பாரு, கட்டுரைய வாங்கி உள்ள கட்டிப் போட்டுட்டு, 'அக்செப்டட்'னு வாழ்த்துச் சொன்னப்புறம்தான் துண்டையே எடுப்பான். வேண்டாம்யா, திருப்பிக் குடுத்துருன்னா, அதுக்கும் ஒரு ரேட்டு சொல்லுவான். ஐதராபாத்துல இருந்து நூத்துக்கணக்குல பத்திரிகை நடத்தின ஓமிக்ஸ் கம்பெனி மேல அமெரிக்க வணிக ஆணையம் கேசு போட்டு, 2019ல கோர்ட்டு 5 கோடி டாலருக்கு மேல கட்டச் சொன்னது இதே மாதிரி சோலிக்குத்தான்.

கல்பாசி தெரியுமா ஒனக்கு? ஆச்சி கறிக்குப் போடுவாளே, அந்த இனத்துல இருந்து எடுத்த சரக்கு புத்துநோயத் தடுக்குன்னு ஒரு பொய்க் கட்டுரைய எழுதினாரு ஜான் பொஹானன்னு ஒரு பத்திரிகைக்காரரு. இல்லாத ஆளு, இல்லாத காலேஜு, உள்ள வேணும்னே வெச்ச ஓட்டை. காசு வாங்குத 304 பத்திரிகைக்கு அனுப்பினாரு. 157 பேரு 'பேஷ்'னுட்டாவ. 2013ல 'சயின்ஸ்'ல இத எழுதி மானத்த வாங்கினாரு. ஏத்துக்கிட்டதுல பெரிய பெரிய கம்பெனிக்காரன் வீட்டுப் பத்திரிகையும் உண்டு. வேண்டாம்னு தள்ளினதுல பிளாஸ் ஒன்னும் உண்டு. பெரிய பேரப் பாத்து மயங்கவும் வேண்டாம், காசு கேக்கான்னு ஓடவும் வேண்டாம்னு அன்னைக்கே எங்க லைப்ரரியன் அய்யா சொன்னாரு. அப்பறம் 2023ல வைலி கம்பெனி தன் ஹிந்தாவி பத்திரிகையில வந்த 8,000 கட்டுரைக்கு மேல ஒரே வருசத்துல வாபஸ் வாங்கிச்சு. அந்தக் கட்டுரையெல்லாம் யாரு யாரு வீட்டுச் சொவத்துல தொங்குதோ.

இப்ப ஒன் கதைக்கு வருவோம். நொச்சி எலச் சாறு கொசுப்புழுவக் கொல்லுதுன்னு எழுதியிருக்க. நொச்சிப் பொகை போட்டா கொசு ஓடும்னு உங்க ஆச்சிக்கே தெரியும். இதுக்கா ஸ்காலர்ஷிப்புன்னு அவ கேட்டா. நான்தான் ஒனக்காகப் பேசினேன், 'ஏ கெழவி, எத்தன பிபிஎம்ல பாதிப் புழு சாகும்னு நீ எழுதி வெச்சியா?'ன்னு. வாயடச்சுப் போயிட்டா. ஆக, ஒன் படிப்பே அந்த ஒரு நம்பர்லதான் இருக்கு. அந்த நம்பரு சரியான்னு பாக்கத்தான் ஒரு ஆளு வேணும். நல்ல பத்திரிகைக்காரன் அனுப்புத ரிவ்யூவரு கேப்பான்: ஒரு கப்புல எத்தன புழு போட்ட? உலக சுகாதார நிறுவனம் 25ன்னு சொல்லியிருக்கே, நீ ஏன் பத்துல நிறுத்திட்ட? எத்தன கப்பு வெச்ச, நாலா ஒண்ணா? எலய அசிட்டோன்ல ஊறப் போட்டியே, வெறும் அசிட்டோன ஊத்தி வெச்ச கப்புல எத்தன செத்துது? சாறு ஊத்தாத கப்புலயே நூத்துக்கு இருவதுக்கு மேல செத்திருந்தா அந்தச் சோதனையவே தூரப் போடணும். அஞ்சுல இருந்து இருவதுக்குள்ளன்னா அபட்டு சூத்திரம் போட்டுக் கழிக்கணும். நீ கழிச்சியா? எந்தக் கொசு, டெங்கு பரப்புததா, யானைக்கால் பரப்புததா?

எமினண்டுக்காரன் இதுல ஒண்ணாவது கேப்பானா? கமா போட்ட எடம் சரியில்லன்னு கூடச் சொல்ல மாட்டான். அவன் ஒன் கட்டுரையத் தொறந்தே பாக்க மாட்டான் மக்கா. ஒன் பேரையும் பணம் ஏறிட்டான்னும்தான் பாப்பான். ஓப்பன் ஆக்சஸ்னு உலகம் பூரா தொறந்து போடுவான், ஆனா வாசிச்சவன் ஒருத்தனும் இருக்க மாட்டான். நீயும் ஒருக்கா வாசிச்சிருந்தா அட்டவணை ரெண்டுல கூட்டல் தப்புன்னு தெரிஞ்சிருக்கும். நான் பாத்துட்டேன், சொல்ல வேண்டாம்னு இருந்தேன்.

தப்பு ஒம்மேல மட்டும் இல்ல, கேட்டியா. தீசிஸ் குடுக்கதுக்கு முன்னால ஒரு கட்டுரையாவது வந்திருக்கணும்னு யூஜிசி 2016ல சட்டம் போட்டுது. எண்ணிக்கிட்டு வான்னா புள்ளைங்க எண்ணிக்கிட்டுதான் வரும். கட வெச்சவனுக்குக் கொண்டாட்டம். 2018ல யூஜிசியே தன் பட்டியல்ல இருந்து 4,305 பத்திரிகைய அடிச்சுது. 2019ல 'கேர்'னு புதுப் பட்டியல் போட்டுது. 2022ல கட்டாயமே வேண்டாம்னுது. 2025 பிப்ரவரியில கேர் பட்டியலும் வேண்டாம், எது நல்லதுன்னு அந்தந்தக் காலேஜே பாத்துக்கோன்னு கையக் கழுவிட்டுது. காலேஜுல பாக்கப் போறது யாரு? எமினண்டு மெயில் வந்த அதே புரொஃபசருமாருதான்.

நல்ல பத்திரிகைக்காரன் திருப்பி அனுப்பிட்டா அவமானம்ங்குத. கும்பகோணத்துப் புள்ள ராமானுஜன் தன் பெரிய மொதல் கட்டுரைய, பெர்னூலி எண்களப் பத்தினத, இந்தியக் கணிதக் கழகப் பத்திரிகைக்கு அனுப்பினாரு. ஆசிரியரு நாராயண அய்யங்கார் வெளங்கல, வெளங்குத மாதிரி எழுதுன்னு திரும்பத் திரும்ப அனுப்பி வெச்சாரு. 1911ல அச்சுல வந்துது. ராமானுஜனுக்கே அப்பிடின்னா, அட்டவணை ரெண்டுல கூட்டல் தப்பு பண்ணுன ஒனக்கு ரெண்டு தரம் வந்தாத்தான் என்ன?

டிஓஏஜேன்னு ஒரு பட்டியல் இருக்கு, 2003ல ஸ்வீடன்ல லுண்ட் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சது. தொறந்த பத்திரிகையா அலசி வெச்சிருக்கான். காசு கேக்காததை மட்டும் காட்டுன்னா காட்டும். கூட்டம் கம்மியா இருக்கும்னு நெனச்சியா, ஆயிரக்கணக்குல இருக்குலே. காசு வாங்குத கம்பெனிக்காரன் வந்து ஒனக்கு இதச் சொல்லுவானா? ஒரு எடத்துல குடுத்துட்டு பதில் வரதுக்குள்ள இன்னொரு எடத்துலயும் குடுக்காத. ரெண்டு எடத்துலயும் தள்ளிருவானுவ, அப்பறம் ஒன் கைடு முழிப்பாரு. சந்தாப் பத்திரிகையில வந்தாலும் குத்தமில்ல. ஏத்துக்கிட்ட கையெழுத்துப் படிய காலேஜு ரெப்போசிட்டரியில போட்டு வைக்க பல பேரு விடுதாவ. எத்தன மாசம் கழிச்சுன்னு மட்டும் வாசிச்சுக்கோ. டெல்லிக் கவர்மெண்டோட உயிரித் தொழில்நுட்பத் துறை, அறிவியல் தொழில்நுட்பத் துறை (டிபிடி, டிஎஸ்டி) காசுல ஆராய்ச்சி பண்ணினா அப்பிடிப் போட்டே ஆகணும்னு 2014லயே கொள்கை போட்டுட்டாவ. அதுக்கு அஞ்சு பைசா செலவு கெடையாது. செலவு இல்லாததுனாலதான் யாரும் செய்ய மாட்டேங்காவ போல.

அப்பறம் இன்னொண்ணு. கைடு பேரப் போடு, அவரு ஒனக்கு வழி சொன்னவரு. ஹெச்ஓடி பேர எதுக்குலே போட்டிருக்க? பிரின்சிபால் பேரு வேற. நாலாவதா ஒரு அம்மா பேரு இருக்கே, அது யாரு? கைடு வீட்டம்மாவா? சரி, இருக்கட்டும். இப்ப நல்ல பத்திரிகைக்காரன் எல்லாரும் யாரு யாரு என்ன வேல செஞ்சாவன்னு தனியா ஒரு பத்தி எழுதச் சொல்லுதான். அந்த அம்மாவுக்கு என்ன எழுதப் போற? புழு எண்ணினாவன்னா? எண்ணியிருந்தா கூட்டல் சரியா வந்திருக்கும்லாலே.