ஓரடி மண்ணும் ஒம்பது ஆசையும்

ஏலே பேராண்டி, இங்ஙன வா. வீடு கட்டி முடிச்சிட்ட, சந்தோசம். பத்திரத்துல உள்ள எடம் பூரா சிமெண்டை ஊத்திட்டு, காம்பவுண்டு சுவர் ஓரமா ஓரடி மண்ணை மட்டும் போனாப் போவுதுன்னு விட்டிருக்க. அந்த ஓரடிக்கு டிசைன் போட ஒருத்தன் கார்ல வந்தானாமே? டேப்பு வச்சு அளந்தானாமே? கம்ப்யூட்டர்ல படம் காட்டினானாமே? நானும் பாத்தேன். படத்துல ஒரு காடே நிக்கு. வேரு நிக்கதுக்கு மண்ணு எங்கல?

விரலுக்குத் தக்கன வீக்கம்னு சும்மாவா சொன்னாவ?

அரேகா பாம் வரிசையா வைக்கப்போறியாம். நர்சரிப் பையில முழங்கால் உயரத்துல லட்சணமாத்தான் நிக்கும். வளந்தா எம்புட்டு அகலம்னு கேட்டியா? அது தூரு கட்டி, பக்கக்கன்னு விடுத சாதி. மட்டை ஆறடி வரைக்கும் நீளும். பொறவு உன் வீட்டுக்குள்ள நீயே ஒருச்சாச்சுத்தான் போவணும். வாரவங்களை நீ வாங்கன்னு சொல்லுததுக்கு முன்னால மட்டை மூஞ்சியிலயே சொல்லிரும்.

சுவத்துல ஒட்டிப் படருத அத்திக்கொடியும் வேணுமாம். அது யாரு தெரியுமா? ஆலு, அரசு, அத்தி எல்லாத்துக்கும் ஒரே வகையறா. வேரை விட்டுச் சுவத்தைக் கவ்விக்கிடும். பிச்சு எடுத்தா பூச்சும் பெயிண்டும் சேந்து வரும். இடம் குடுத்தா மடத்தைப் பிடுங்குவான்ங்கது இவனைத்தான். பழைய கோபுரத்துல அரசங்கன்னு மொளைச்சு நிக்கதைப் பாத்ததில்லையா? காக்கா எச்சத்துல வந்த ஒத்த விதை கல்லையே பொளக்கு. நீ துட்டு குடுத்து அதோட பங்காளியைக் கூட்டிட்டு வார!

சரி, உன் சுவரு எந்தப் பக்கம் பாத்திருக்கு? மேக்கயா? அப்போ மத்தியானத்துக்கு மேல வெயில் பூரா அது வாங்கி, ராத்திரி வரைக்கும் செடி மேல கக்கும். வீட்டுச் சன்ஷேடு மேல நீட்டிட்டு இருந்தா மழையும் எட்டாது. இன்னொண்ணு, கொத்தனாரு மிச்சக் கலவையை எங்க கொட்டிருப்பாரு? அந்த ஓரடியிலதான். சுண்ணாம்பும் சிமெண்டும் சேந்த மண்ணுல இட்லிப்பூ வச்சுப் பாரு. இலை மஞ்சளா வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையா தெரியும். நீ ஒடனே ஒர மூட்டைக்கு ஓடுவ. மண்ணுல இரும்புச்சத்து இருந்தும் வேரால எடுக்க முடியலல. ஒரம் என்ன செய்யும்?

முதல்ல கடப்பாரையை எடு. ரெண்டடி தோண்டி ஜல்லி, செங்கல் துண்டு எல்லாத்தையும் அள்ளு. ஆனா அஸ்திவாரத்துக்குக் கீழ போயி நோண்டிராத. செம்மண்ணும் மக்கின சாணியும் போடு. மண்ணைச் சுவத்துப் பக்கம் ஒசத்தி, வெளிப் பக்கம் சரிச்சு விடு. இல்லைன்னா தண்ணி அங்கயே நின்னு ஓதம் ஏறும். பூச்சைத் தொடுத அளவுக்கு மண்ணைக் குமிக்காத.

பொறவு என்ன வைக்க? சோத்துக்கத்தாழை வை, வெயிலுக்கு அசையாது. நித்யகல்யாணி வை, கல்லு இடுக்குலயே பூக்குதது உன் மண்ணுல பூக்காதா? ஆடும் வாய் வைக்காது. ரெண்டு கம்பு நட்டுக் கயிறு கட்டி சங்குப்பூவும் பிரண்டையும் ஏத்து. அதுக கயிறைத்தான் பிடிக்கும், சுவத்தைப் பிறாண்டாது. பிரண்டையில துவையலும் ஆச்சு. நிழல் விழுத மூலையில கற்பூரவல்லி வை. தூதுவளை மட்டும் வேண்டாம்ல. சளிக்கு நல்லதுதான், ஆனா நடைபாதை ஓரத்துல முள்ளு வேட்டியைப் பிடிச்சு நிறுத்தி நியாயம் கேக்கும்.

இதெல்லாம் வேலியில சும்மா கெடக்குத செடின்னு மூஞ்சியைச் சுளிக்கியோ? சும்மா கெடந்தே பொழைச்சுதே, அதை விடப் பெரிய சர்டிபிகேட்டு உனக்கு யாரு தருவா? கம்போ கன்னோ கேட்டா பக்கத்து வீட்டுல ஓசியிலயே தருவாவ.

ஒண்ணே ஒண்ணு. நர்சரிக்காரங்கிட்ட என் பேரைச் சொல்லிராத. செம்மண்ணு வாங்குன பாக்கி இன்னும் குடுக்கல.