லாபம், நஷ்டம், லாபம்

கனமான சாமான்களைப் படியில் ஏற்றும் பேட்டரி டிராலியைப் பாதுகாப்பாகக் கையாள்வது எப்படி என்று விளக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். நடுவில் வேறு ஏதாவது தலைகாட்டினால் அது ஞாயிற்றுக்கிழமையின் எரிச்சல். இன்று புதன். இன்னும் தணியவில்லை.

பாஞ்சாலங்குறிச்சியில் மச்சான் வீட்டு மாடிக்கு ஒரு வாஷிங் மெஷின் ஏற வேண்டியிருந்தது. மகனுக்குக் கல்யாணம் முடிந்து மாடியில் தனிக்குடித்தனம். பெண் வீட்டுச் சீரில் முன்பக்கம் கதவு வைத்த பெரிய மெஷின் வந்திருந்தது. அறுபது கிலோவுக்கு மேல். அந்தக் கனத்தில் கணிசமான பங்கு கான்கிரீட் என்பது எத்தனை மாமனார்களுக்குத் தெரியும்? துணி பிழியும்போது மெஷின் இடம்விட்டு இடம் குதிக்காமலிருக்க, உள்ளே கான்கிரீட் கட்டியை முடுக்கித்தான் அனுப்புகிறார்கள். கடன் வாங்கி கான்கிரீட் வீடு கட்டி, அதன் உச்சிக்குக் கூலி கொடுத்து இன்னும் கொஞ்சம் கான்கிரீட் ஏற்றுகிறோம்.

"லோடுமேன்லாம் வேண்டாம் மாமா, நான் படியேறுற டிராலி கொண்டாரேன்" என்றான் என் மருமகன். கோயம்புத்தூரில் வேலை. அங்கே ஒரு நண்பனிடம் இரவல் வாங்கி, காரின் பின்சீட்டில் படுக்க வைத்துக் கொண்டுவந்தான்.

நல்ல மெஷின், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பார்க்க சாதாரண இரட்டைச் சக்கரத் தள்ளுவண்டிதான். ஆனால் மோட்டாரோடு இணைத்த இரண்டு கால்கள் உண்டு. பட்டனை அமுக்கினால் அந்தக் கால்கள் வயசான மனுசன் கைத்தடி ஊன்றுவது மாதிரி நிதானமாகப் படியில் ஊன்றி, வண்டியையும் சரக்கையும் அடுத்த படிக்குத் தூக்கி வைக்கும். மூன்று சக்கரங்களை நட்சத்திரமாகக் கோத்தது, ரப்பர் பட்டையில் ஊர்ந்து ஏறுவது என்று வேறு ரகங்களும் இருக்கின்றன. ஆஸ்திரியாவில் சானோ என்ற கம்பெனி லிஃப்ட்கார் என்ற பெயரில் இதையே ஒரு தொழிலாக வைத்திருக்கிறது. 100 கிலோ தூக்குவதிலிருந்து 300 கிலோவைத் தாண்டுவது வரை உலகச் சந்தையில் கிடைக்கிறது. கைப்பிடியைச் சரியான சாய்வில் பிடித்துவிட்டால் கனம் முழுவதும் சக்கரத்தில் இறங்கிவிடும், கையில் ஒன்றும் தெரியாது. சாய்வு தப்பினால் எல்லாம் தெரியும். இறங்கும்போது சக்கரம் படி விளிம்புக்கு வந்ததும் தானே பிடித்துக்கொள்ளும் பிரேக் நல்ல ரகங்களில் இருக்கிறது.

இனி பாதுகாப்பு. முதல் விதி: ஏறினாலும் இறங்கினாலும் ஓட்டுகிறவர் மேல்படியில் நிற்க வேண்டும், சரக்கு கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். இரண்டாவது விதி: சரக்குக்குக் கீழே ஒரு ஈ, காக்கா நிற்கக்கூடாது.

இரண்டாவது விதியை எழுதினவர் பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்ததில்லை. மருமகன் பெல்ட்டை இறுக்கிக் கட்டி முடிக்கும் முன்பே முதல் படிக்கு நேர் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என் மாமனார் உட்கார்ந்தாயிற்று. அவருக்குப் பின்னால் தெரு. இது பட்டனை அமுக்கினால் ஏறும் வண்டி, யாரும் பிடிக்க வேண்டாம் என்று மருமகன் சொன்னதும் கூட்டத்தில் ஒரு ஏமாற்றம் பரவியதைக் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் விடவில்லை. "லேசா மேக்க சாயி." "அவனுக்குத் தெரியாது வே, கெழக்க சாய்க்கச் சொல்லு." கேரளத்தில் வேடிக்கை பார்த்ததற்கே 'நோக்குகூலி' என்று பணம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2018 மே 1 முதல் அந்த அரசாங்கம் அதைத் தடை செய்தது. எங்கள் பக்கம் அது எப்போதும் இலவசம், அதனால் தடை செய்யவும் வழியில்லை.

மூன்றாவது விதிக்கு வருவதற்கு முன் படியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மெஷின் ஏறுவது படியில்தானே.

முதல் படி லாபம், அடுத்தது நஷ்டம் என்று எண்ணாமல் மாடிப்படி ஏறுகிறவர் இந்த வட்டாரத்தில் யாராவது இருந்தால், அவர் வாடகைக்கு இருப்பவர். சொந்த வீட்டுக்காரர் யாரும் கடைசிப் படியில் நஷ்டத்தோடு மாடியில் கால் வைக்க மாட்டார். இப்போது கணக்கைப் பாருங்கள். தரைக்கும் மாடிக்கும் பத்தடி, அதாவது 120 அங்குலம். வீட்டுப் படியின் உயரம் 19 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, கால் வைக்கும் அகலம் 25 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 19 சென்டிமீட்டர் என்றால் ஏழரை அங்குலம். 120ஐ ஏழரையால் வகுத்தால் பதினாறு. பதினாறு நஷ்டம்! டெல்லியில் உட்கார்ந்து யாரோ எழுதின விதி மச்சானின் உரக்கடையை மூடப் பார்க்கிறது. பதினேழாக்கலாம், ஆனால் படி தெருப்பக்கம் நீளும். எனவே பதினைந்து. ஒரு படிக்கு எட்டு அங்குலம்.

இது கணக்கு. கட்டினது கொத்தனார். எட்டு அங்குலக் குச்சி ஒன்றை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு கீழேயிருந்து ஏறினார். டைல்ஸ் ஒட்டும் கனத்தை யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது கடைசிப் படிக்கு ஐந்து அங்குலம்தான் மிச்சம். புது மருமகள் அந்தப் படியில் இல்லாத மூன்று அங்குலத்தை மிதிக்கப் போய்த் தடுமாறுகிறாள். "பழகிரும் தாயி" என்கிறார்கள். பழகாது. எனக்கு இருபது வருஷமாக என் வீட்டில் பழகவில்லை.

பிறகு பஞ்சாயத்தில் பேவர் பிளாக் போட்டார்கள். தெரு உயர்ந்தது, முதல் படி உள்ளே போய்விட்டது. பதினைந்து பதினாலாயிற்று. அந்த வருஷம் பார்த்து மழையும் ஏமாற்ற, உரக்கடையில் விற்பனை படுத்துவிட்டது. படி எண்ண ஒருவர் வந்தார். எண்ணினார். உதட்டைப் பிதுக்கினார். உடனே மாடி நிலைக்கு முன்னால் இரண்டு அங்குலக் கடப்பாக்கல் ஒன்றைப் பதித்து அதற்குப் படி என்று பெயர் வைத்தார்கள். மீண்டும் லாபம். பிறகு தண்ணீர்க் குழாய்க்காக வாசலைத் தோண்டினார்கள். மூடினபோது மண் உள்வாங்கி, புதைந்த முதல் படியின் தலை வெளியே எட்டிப் பார்த்தது. இப்போது அதை எண்ணுவதா, வேண்டாமா? எண்ணினால் நஷ்டம். எண்ணாவிட்டால் கால் இடறுகிறது. மாமனார் அதை எண்ணுவதில்லை, தாண்டி வைக்கிறார். மச்சான் வெறுங்கையோடு வரும்போது எண்ண மாட்டார், கல்லாப்பெட்டிச் சாவியோடு வரும்போது முதலில் 'நஷ்டம்' என்று ஆரம்பித்து எண்ணி லாபத்தில் முடிக்கிறார். இதை நான் ஒட்டுக்கேட்டேன்.

இதற்கெல்லாம் அடியில் கரிசல் மண். மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். வீட்டுக்கு ஆழமாக அஸ்திவாரம் தோண்டுகிறவர்கள் வெளிப்படிக்கு ஒப்புக்குத்தான் தோண்டுவார்கள். வீடு ஒரு போக்கில் இருக்கும், படி ஒரு போக்கில் போகும். மச்சான் வீட்டுப் படிக்கும் சுவருக்கும் நடுவில் வாய் பிளந்திருக்கிறது. சித்திரையில் அதற்குள் விரல் விடலாம், கார்த்திகையில் முடியாது. படி முழுக்க மேற்கே சாய்ந்திருக்கிறது. கிழக்கே சாய்க்கச் சொன்ன அந்த ஆள் மட்டும் விஷயம் தெரிந்தவர் என்று இப்போது தோன்றுகிறது.

இதையெல்லாம் மெஷின் பொறுத்துக்கொண்டது. உண்மையாகவே ஏறியது. கூட்டம் வாயடைத்து நின்றது, பத்து விநாடிக்கு. திருப்பத்தில்தான் வினை. திருப்பத்தில் சதுரமாக ஒரு லேண்டிங் விடுவது உலக வழக்கம், ஏறுகிறவர் மூச்சு வாங்க, சாமான் திரும்ப. போகிற வழியில் தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இடம் மிச்சம் என்று லேண்டிங்கை மூன்று முக்கோணமாகக் கீறி அதையும் படியாக்கிவிட்டோம். ஒற்றைப்படை எண்ணிக்கைக்கும் அது வசதி. ஆனால் இந்த மெஷினின் இரண்டு சக்கரமும் ஒரே படியில், விளிம்புக்கு நேராக நிற்க வேண்டும். முக்கோணத்தின் கூர்முனையில் ஒரு சக்கரத்துக்கு இடம் ஏது? மருமகன் நிறுத்தினான். அது சரியான முடிவு, கையேட்டிலும் அப்படித்தான் இருக்கும். நின்றதுதான் தாமதம், கூட்டத்துக்கு உயிர் வந்தது. அத்தனை பேரும் படிக்குக் கீழே, அறுபது கிலோவுக்கு நேர் கீழே, ஆளுக்கொரு திசையைக் காட்டிக்கொண்டு.

இதே ஊரில்தான் 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்த ஊமைத்துரை, கும்பினியான் இடித்துப் போட்ட கோட்டையைச் சில நாட்களுக்குள் மறுபடி எழுப்பினார். மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது, தலைச்சுமையாக மண். அதுவும் லேசுப்பட்ட கோட்டையில்லை. மார்ச் 31இல் மெக்காலேயின் கும்பினிப் படை மோதி ஏராளமான ஆட்களை இழந்து திரும்பியது. ஆக்னியூ தலைமையில் கூடுதல் படையும் பெரிய பீரங்கிகளும் வந்த பிறகு மே 24இல்தான் விழுந்தது. எப்படி அத்தனை வேகத்தில் கட்டினார்கள் என்று சரித்திரக்காரர்கள் வியக்கிறார்கள். எனக்கு வியப்பே இல்லை. வேலையை நடத்தியவர் வாய் பேசாதவர். எதிர்த்தரப்பில் இருந்து சண்டை போட்ட ஜேம்ஸ் வெல்ஷ் அவரைப் பற்றி மரியாதையோடு எழுதி வைத்திருக்கிறார்: உள்ளங்கையில் சில துரும்புகளை அடுக்கி அதுதான் வெள்ளைக்காரன் படை என்று காட்டுவாராம், மறுகையால் ஒரே தள்ளு தள்ளுவாராம், அதுதான் தாக்குதலுக்கு உத்தரவு. இந்த ஊர்ச் சரித்திரத்தில் மேற்பார்வை என்று ஒன்று உருப்படியாக நடந்தது அப்போதுதான். 1974இல் அரசாங்கம் கட்டின நினைவுக்கோட்டை வாசலில் நின்று இதை யாரிடமாவது சொல்லலாம், ஆனால் அங்கே பஸ்ஸைப் பின்னால் எடுக்கிறவருக்கு ஆறு பேர் யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கடைசியில் ஒட்டப்பிடாரத்திலிருந்து லோடுமேன்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு கயிறு, இரண்டு சும்மாடு. மெஷினைச் சுற்றி ஒரு பார்வை, படியை ஒரு பார்வை. ஆயிரம் ரூபாய் என்றார்கள்.

அவ்வளவுதான், மாமனார் நாற்காலியை விட்டு எழுந்தார். சிவாஜி கணேசனின் கட்டபொம்மன் படம் 1959இல் வந்ததிலிருந்து இந்த ஊரில் காசு கேட்டு வருகிற எல்லாரும் ஜாக்சன் துரைதான். குரல் ஏறுகிறது, புருவம் ஏறுகிறது, கை மீசைக்குப் போகிறது. எதிரே நிற்கிற ஜாக்சன் துரைக்கு ஐம்பது வயசிருக்கும், கழுத்து தோளுக்குள் அமுங்கியிருந்தது. ஒரு ஆணுக்கு 55 கிலோவுக்கு மேல் சுமை வேண்டாம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்துவிட்டது. அமெரிக்காவின் நையாஷ் நிறுவனம், எல்லாம் தோதாக அமைந்தாலும் 23 கிலோதான் என்று கணக்குப் போடுகிறது. சிமெண்ட் மூட்டை 50 கிலோ. நம் நாட்டில் மூட்டைக் கனம் குறைந்து நான் பார்த்தது ஒன்றே ஒன்று, 2018இல் யூரியா மூட்டையை 45 கிலோ ஆக்கினார்கள். அதுவும் வயலில் உரம் குறைவாகப் போடட்டும் என்று மண்ணுக்காகச் செய்தது, முதுகுக்காக இல்லை. மெஷினுக்கு வட்டியில்லாத் தவணை என்று நாற்பதாயிரத்தைப் பேரம் பேசாமல் கட்டுகிறவர்கள், அதைத் தூக்குகிற ஆளிடம் இருநூறைக் குறைத்துவிட்டு ராத்திரி நன்றாகத் தூங்குகிறார்கள். நான் இதைச் சத்தமாகவே சொன்னேன். "மருமகப்பிள்ளை சும்மா இருங்க, உங்களுக்கு வெவரம் பத்தாது" என்றார் மாமனார். எண்ணூறில் முடிந்தது, டீ தனி.

ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். திருப்பத்தில் சுவரோரம் ஒரு முழங்கால் ஊன்றி, மூச்சை இழுத்து, முக்கோணப் படிகளைத் தாண்டிவிட்டார்கள். கீழே இருந்து வந்த ஒரு யோசனைக்கும் அவர்கள் காது கொடுக்கவில்லை. ஆனால் இறக்கி வைத்த பிறகு, "நாஞ் சொன்னபடி திருப்புனான், போயிருச்சு பாத்தியா" என்று என் பக்கத்திலேயே ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்.

மூன்றாவது விதி, ஆமாம். சரக்கின் உயரமான பக்கம் வண்டியின் முதுகோடு ஒட்டி இருக்க வேண்டும், பெல்ட் இரண்டு இடத்தில். பேட்டரி முழுசாக ஏறியிருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்க்க வேண்டும், பாதிப் படியில் பார்க்கக் கூடாது. பிரிட்ஜைப் படுக்கப் போட்டுக் கொண்டுபோனால் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே சுவிட்சைப் போடலாம், கம்ப்ரஸர் எண்ணெய் திரும்பி இறங்க வேண்டும். நான்காவது, படியை முன்கூட்டியே டேப் வைத்து அளக்க வேண்டும் என்று சொல்ல வந்தேன்.

அதற்குள் மாமனார் கூப்பிட்டார். கீழே ஆட்டுக்குட்டிகள் வயரைக் கடித்துவிடும், மருமகன் அடுத்த மாசம் வந்து எடுத்துப் போகும்வரை இந்த டிராலியையும் மாடியில் போட்டுவிடலாம் என்றார். முப்பது கிலோ பக்கம் இருக்கும். மூத்த லோடுமேன் அதற்குத் தனியாக நூறு கேட்டார். மாமனார் மீசையைத் தொட்டார். எண்பது ரூபாய்க்கு அவர் சும்மாட்டைத் திரும்பச் சுற்றி, படியேறுகிற வண்டியைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறினார்.