ஒத்தையடிப் பாதைக்குப் பெயர்சூட்டு விழா

எங்கள் தேயிலைச் சரிவில் நிற்கும் சில்வர் ஓக் மரம் ஒன்றுக்குப் போன மாதம் காது குத்தினார்கள். மூன்றங்குல ஆணி. ஆணியில் பலகை, பலகையில் மண்டையோடு, மண்டையோட்டுக்குக் கீழே ஆங்கிலத்தில் ‘விடோ மேக்கர்’. தமிழில் சொன்னால் தாலியறுப்பான். மரத்தடியிலிருந்து ஓர் ஒத்தையடிப் பாதை கீழே இறங்குகிறது. அதற்குத்தான் இந்த நாமகரணம்.

பெயர் வைத்தவர்கள் மலைச் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள். சனிக்கிழமை விடிந்தால் பர்லியார் வழியாகக் குன்னூருக்கு ஏறி வருவார்கள். ஏறுவது கார், சைக்கிள் அதன் முதுகில் சவாரி வரும். மேலே வந்ததும் முழங்காலுக்கும் முழங்கைக்கும் ஆமையோடு கட்டிக்கொண்டு இறக்கத்தில் பாய்வார்கள். மறுபடி ஏற ஒரு ஜீப் காத்திருக்கும். இது வீர விளையாட்டு. உடம்புக்கு நல்லது, பொறாமையைத் தவிர எனக்கு அதில் வேறு புகார் இல்லை. என் புகார் பலகையைப் பற்றியது.

அந்தப் பாதையின் மூன்றாவது வளைவில்தான், தோட்டத் தொழிலாளர்களின் கடைசி லைன் வீட்டு அக்காவின் புருஷனைக் காட்டெருமை குத்தியது. விடியற்காலை தண்ணீர் திறந்துவிடப் போன மனிதர். ஆகவே பெயரில் பொய் இல்லை. இவ்வளவு உண்மை பேசும் பலகையை நான் இந்த மலையில் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் வைத்தவர்களுக்கு அந்த உண்மை தெரியாது. எங்கோ ஒரு வெளிநாட்டு மலையில் எவனோ விளையாட்டுக்கு வைத்த பெயரைப் படத்தில் பார்த்து, சுங்கம் கட்டாமல் இறக்குமதி செய்துவிட்டார்கள். அக்கா கொழுந்து மூட்டையோடு அந்த மரத்தைத் தாண்டித் தினம் நாலு நடை போகிறாள். ஆங்கிலம் படிக்கத் தெரியாததும் இந்த நாட்டில் சில நேரம் ஒரு கருணைதான்.

அடுத்த கட்டமாக, மிச்சமிருக்கும் பாதைகளுக்கும் பெயர் வைக்க ஒரு குழு கூடியது. ஒரு ஹோம்ஸ்டேயின் வராந்தாவில், தந்தூரிக் காளானுக்கும் பில்டர் காபிக்கும் நடுவில். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். “அங்கிள், நீங்க ரைட்டர். எங்களுக்கு ஒரு லோக்கல் டச் வேணும்” என்றார் தலைவர் மாதிரி இருந்த பையன். கறிவேப்பிலையையும் இப்படித்தான் கேட்டு வாங்குகிறோம்.

பேய்க்கும் பிசாசுக்கும்தான் முதல் மரியாதை. டெவில்ஸ் டிராப், ஜாம்பி, கோஸ்ட் லைன் என்று ஓடியது. பிறகு ஒரு பெண்ணுக்கு ஞானோதயம் பிறந்தது. “நம்ம மண்ணோட அடையாளம் வேண்டாமா? டிரைபல் நேம்ஸ் வைக்கலாமே?” தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு பட்டியல் போட்டிருப்பது ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேருமே நீலகிரியில் இருக்கிறார்கள். பெயரில்லாத பாதைகளும் ஆறு. கணக்கு டேலி ஆனதும் கை தட்டினார்கள். தோடா டிராப், குறும்பா கர்வ். பணியரிடம் வந்ததும் தட்டியது. அது ‘கேட்ச்சியா இல்லை’யாம். அந்த மக்களுக்கு எத்தனையோ முறை இல்லையென்று கையை விரித்திருக்கிறார்கள். சைக்கிள் பாதையிலும் இடமில்லை என்றது அன்றுதான். ஆறு சமூகத்திலிருந்து ஒரே ஓர் ஆளை அந்த வராந்தாவுக்குக் கூப்பிட்டிருக்கலாம். காபி மிச்சமிருந்தது.

இந்தப் பிள்ளைகளை மட்டும் திட்டி என்ன பயன்? மலைக்கு விடுமுறைக்கு வந்தவன் பெயர் வைப்பதும், மலையிலேயே கிடப்பவன் அந்தப் பெயரில் விலாசம் எழுதுவதும் இங்கே இருநூறு வருஷத்துப் பழக்கம். கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் 1819-இல் மேலே வந்தார். அதற்கப்புறம் ஏறிவந்த துரைமார்களுக்கு இந்த மலை பெயரெழுதாத சிலேட்டாகத் தெரிந்தது. கெத்தேஹாட ஹள்ளா என்று படகர்கள் சொல்லிவந்த அருவி, கோத்தகிரியில் காபி போட்ட காக்பர்ன் துரையின் மனைவி பெயரில் கேத்தரின் ஆயிற்று. ஜெகதளா என்ற ஊரில் பட்டாளத்தை இறக்கினார்கள். இந்த மலையில் ஏறியே இராத ஒரு பிரபுவை நினைத்து 1860-இல் அது வெலிங்டன் ஆயிற்று. குன்னூர் மலைச்சாலை வேலையை மேற்பார்த்தவர் லா துரை. அந்தப் பக்கத்து அருவிக்கு அவர் பெயரில் லாஸ் பால்ஸ் என்று பெயர். அந்தச் சாலைக்குக் கல்லுடைத்தவன் பெயரில் ஒரு மைல்கல்கூட இல்லை. கவர்னர் ஜெனரலின் மனைவி உட்கார்ந்து பார்த்த இடம் லேடி கேனிங்ஸ் சீட். உட்கார்ந்ததற்கே ஒரு மலைமுகடு! நாலு தலைமுறையாக நின்றுகொண்டே கொழுந்து கிள்ளுகிறவர்களுக்கு எத்தனை மலை தரவேண்டும் என்று யாராவது கணக்குப் போடட்டும்.

இதில் ஒருவரை மட்டும் நான் விட்டுவிடுகிறேன். உலகத்திலேயே உயரமான சிகரத்துக்குத் தன் பெயரை வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், உள்ளூர்க்காரர்கள் வாயில் அது நுழையாது என்று ஆட்சேபம் சொன்னவர் ஜார்ஜ் எவரெஸ்ட். யார் கேட்டார்கள்? 1865-இல் வைத்தே விட்டார்கள். இருந்தாலும் அந்த மனிதருக்கு ஒரு கூச்சம் இருந்தது. நம் வராந்தாவில் அது பரிமாறப்படவில்லை.

சைக்கிள் உலகத்திலேயே நேர்மையான பெயர் இல்லாமலில்லை. கலிபோர்னியாவில் பேர்பாக்ஸ் என்ற ஊருக்கு மேலே ஒரு மண்பாதை. இரண்டு மைலில் சுமார் 1,300 அடி இறங்கும். 1976 அக்டோபர் 21 அன்று அங்கே சில இளைஞர்கள் முதல் பந்தயம் விட்டார்கள். ஓட்டியது பழைய, தடித்த டயர் சைக்கிள்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கரக் குடத்திலிருந்த கிரீஸ் கொதித்துப் புகைந்து போயிருக்கும். பிரித்துத் துடைத்து மறுபடி கிரீஸ் அடைக்கவேண்டும். அடைப்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்களோ அதுவே பாதைக்குப் பெயராயிற்று: ரீபேக். மலைச் சைக்கிள் சரித்திரத்தின் முதல் புகழ்பெற்ற பாதைக்குப் பெயர் கொடுத்தது கையில் ஒட்டிய கிரீஸ். பிசாசு அல்ல, பிரபு அல்ல, அடுத்தவன் பாட்டனும் அல்ல.

அதே அமெரிக்காவில் இப்போது பலகைகளைக் கழற்றுகிறார்கள். 1960-இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த பனிச்சறுக்கு விடுதி, பழங்குடிப் பெண்களை இழிவு செய்யும் சொல் தன் பெயரில் இருக்கிறதென்று 2021-இல் பெயரையே மாற்றிக்கொண்டது. மறுவருஷம், அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருந்த ஏறக்குறைய 650 மலை, ஓடை, பள்ளத்தாக்குகளுக்கு அரசே வேறு பெயர் வைத்தது. அவர்கள் கழற்றும் ஆணிகளைத்தான் நாம் எடைக்கு வாங்கிவந்து இங்கே அடிக்கிறோம் போலிருக்கிறது.

பெயரோடு தரமும் உண்டு. பச்சை என்றால் சுலபம், நீலம் என்றால் நடுத்தரம், கருப்பு வைரம் என்றால் கஷ்டம், இரட்டைக் கருப்பு வைரம் என்றால் கெட்டிக்காரர்களுக்கு மட்டும். நம் தாலியறுப்பானுக்கு இரட்டைக் கருப்பு வைரம் கொடுத்திருக்கிறார்கள். தலைக்கவசம் கட்டாயம், தனியாகப் போகக்கூடாது, மழையில் இறங்கவே கூடாது. இந்த அறிவுரையை நான் லைன் வீடுகளில் படித்துக்காட்டினால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதே பாதையில் ஜூலை மழையில், ரப்பர் செருப்பில், முதுகில் புத்தகப் பையோடு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தனியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்களுக்கு வைரம் கிடையாது. லேட்டாக வந்தால் வாசலில் நிற்கவேண்டும்.

ஸ்ட்ராவா என்ற செயலியில் இந்தச் சரிவு ஏறியாயிற்று. அதில் ஒரு வழித்துண்டை முதலில் பதிகிறவர்தான் அதற்குப் பெயரும் வைக்கிறார். ஒரு துண்டை எல்லாரையும்விட வேகமாகக் கடந்த ஆண் ‘மலையரசன்’, பெண் ‘மலையரசி’. எங்கள் மலையரசி பெங்களூரில் இருக்கிறார். வருஷத்துக்கு இரண்டு முறை தரிசனம் தருவார். கடைசி லைன் வீட்டு அக்கா இதே ஏற்றத்தை மூட்டையோடு இருபத்தெட்டு வருஷமாக ஏறுகிறாள். அவள் கைப்பேசியில் அந்தச் செயலி இல்லை. பொத்தான் வைத்த போன்.

அரசாங்கமாவது வேறு ஜாதியா? பெயர் வைக்க சிமென்ட் வேண்டாம், ஜல்லி வேண்டாம், டெண்டர்கூட வேண்டாம். அதனால்தான் அதன் மேல் அத்தனை ஆசை. 2020 ஜூனில், கொரோனா கோலோச்சிய மாதத்தில், 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் திருத்தி ஆணை வந்தது. ஊரே சிரித்ததும் சில நாளிலேயே திரும்பப் போய்விட்டது. எங்கள் லைன் வீடுகளுக்கு ஒரு தார்ச்சாலை வேண்டும் என்று எழுதிய மனுக்களும் திரும்பித்தான் வருகின்றன. என்ன, அதற்கு யாரும் சிரிப்பதில்லை. ‘வனத்தை ஒட்டிய பகுதி, அனுமதி இல்லை’ என்று ஒரே வரி. அந்த வனத்தை ஒட்டிய மரத்தில் மண்டையோட்டை ஆணியடிக்க மட்டும் அனுமதி எந்த ஜன்னலில் கொடுத்தார்கள் என்று கேட்டேன். மூன்று ஜன்னலுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது ஜன்னல் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தது.

வராந்தாவுக்கு வருகிறேன். லோக்கல் டச் கேட்டார்களே, கொடுத்தேன். “இந்தப் பாதைகளுக்கெல்லாம் ஏற்கெனவே பெயர் இருக்கு தம்பி.” பேனாவை எடுத்துக்கொண்டார்கள். ரேஷன் கடைப் பாதை. வெறகுப் பாதை. எட்டாம் நம்பர் இறக்கம். ஊசி போடுகிற நர்சம்மா ஏறிவரும் வழி என்பதால் நர்சம்மா பாதை. அந்த அம்மா ரிட்டையர் ஆகி எத்தனையோ வருஷம், பெயர் மட்டும் இன்னும் டியூட்டியில் இருக்கிறது. ஒருவரும் எழுதவில்லை. ரேஷன் கடை என்றதும் ஒருவர் சிரித்தார். டி-சர்ட்டில் போட்டால் நன்றாயிருக்காதாம்.

“அப்ப இந்த விடோ மேக்கர்? அதுக்கு இவங்க என்ன சொல்வாங்க?”

“பொணப் பாதை.”

வராந்தா நிமிர்ந்து உட்கார்ந்தது. தலைவருக்குக் கண்ணே பளபளத்துவிட்டது. “வாவ். ஏன் அங்கிள்? பேய்க் கதை ஏதாவது இருக்கா?”

கதை இல்லை என்றேன். லைனில் யார் செத்தாலும் வண்டி வர ரோடு கிடையாது. மூங்கிலில் கட்டி, நாலு பேர் தோள் மாற்றி, அந்த வழியாகத்தான் சுடுகாட்டுக்கு இறக்கவேண்டும். பிரசவ வலி எடுத்தவளையும் அதே வழியில், அதே மூங்கிலில், போர்வையில் தொட்டில் கட்டித்தான் மேலே ரோட்டுக்குத் தூக்குகிறோம். மூன்றாவது வளைவில் தோள் மாற்றுவது கஷ்டம். அங்கேதான் நீங்கள் ‘ஜம்ப்’ கட்டியிருக்கிறீர்கள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. உறைத்துவிட்டது என்று நினைத்தேன். என் வயசுக்கு அந்த முட்டாள்தனம் கூடாது.

“சோல் கேரி,” என்றது அந்தப் பெண் மெதுவாக. “ஆன்மாவைச் சுமக்கிற பாதை. எவ்வளவு டீப்பா இருக்கு!” ஓட்டுப் போட்டார்கள். ஏகமனதாக நிறைவேறியது. எனக்கு ஒரு டி-சர்ட் கொடுத்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை புதுப் பலகை வந்துவிட்டது. மண்டையோடு போய், இறக்கை முளைத்த ஒரு சைக்கிள். நான் பார்த்துக்கொண்டு நின்றபோது அக்கா மூட்டையோடு ஏறிவந்தாள். கொழுந்தை இறக்கி மரத்தில் சாய்த்துவிட்டு, இடுப்பிலிருந்த நனைந்த படங்கை அவிழ்த்தாள்.

“என்னங்க எழுதியிருக்கு?”

சொல்ல வாய் வரவில்லை. “உங்க பாதைக்குப் பேர் வச்சிருக்காங்க அக்கா,” என்றேன்.

“அதுக்கென்ன, இருந்துட்டுப் போகட்டும்.” படங்கை உதறிப் பலகையின் மேல் காயப்போட்டாள். சைக்கிள், இறக்கை, ஆன்மா எல்லாம் மறைந்தது. தூக்குவாளியை ஆணியில் மாட்டி, இழுத்துப் பார்த்தாள்.

“ஆணி நல்லா இறங்கியிருக்குங்க.”