போத்தலுக்கு எதுக்குடா பவுடரும் பொட்டும்?

ஏண்டா பேராண்டி, கோயில் திருநாளுக்குப் பழைய போத்தல்ல மெழுகுவத்தி விளக்கு செய்யப் போறியாம். நல்லதுதான். ஆனா அந்தப் பழைய போத்தலையே கடையில புதுசா வாங்கிட்டு வந்தியாமே? கூடவே சரிகை நாடா, பசை, தங்கக் கலரு பெயிண்டு வேற. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க?

ஒங்க பாட்டி அடுப்படியில போய்ப் பாரு. காயா போத்தல், ஊறுகா போத்தல், கோப்பித்தூள் போத்தல்னு வரிசையா நிக்கும். வாயத் தொறந்து கேட்டா ஒண்ணு குடுக்க மாட்டாளா? தோட்டத்து லயத்துல கரண்டு வராத காலத்துல, மூடியில ஓட்டையப் போட்டு, துணித்திரிய விட்டு, மண்ணெண்ணெய ஊத்திக் கொளுத்துனோம். அதுக்கு யாரும் வகுப்பு எடுக்கல. இப்ப அதுக்கு 'மறுசுழற்சி'ன்னு பேரு, கட்டணம் தனி!

ஜூலை 26 வந்தா நம்ம புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயில்ல திருநாள். 1888ல கட்டுன பழைய கோயிலு இன்னும் அங்க நிக்குது. நவநாளு, மெழுகுவத்திப் பவனின்னு ஊரே தெரண்டு வரும். தமிழன் வருவான், சீனன் வருவான், வேற சாமி கும்பிடுறவனும் வருவான். அம்புட்டுக் கூட்டத்துல எவண்டா ஒன் விளக்குல சரிகை இருக்கான்னு பாக்கப் போறான்? காத்துக்கு அணையாம இருந்தாப் போதாதா?

நான் சொல்றத கேளு. கனமான, வாய் அகலமான போத்தலா எடு. சுடுதண்ணியில ஊறப்போடு, ஒட்டுன காகிதம் கழண்டு வரும். பசை போவலியா, தேங்காண்ணெயத் தொட்டுத் தேயி. அடியில ரெண்டு வெரக்கட மணலப் போட்டு, குட்டையான வத்திய நடுவுல நட்டு வை. மணல் இருந்தா சூடு நேரா கண்ணாடியில ஏறாது, வத்தியும் சாயாது. தீ ஓரத்துல படக்கூடாது. மாட்டணும்னா கழுத்துல கட்டுக்கம்பியச் சுத்து. நாடாவ வாயோரமாக் கட்டி எரிய விட்டுட்டு, அப்புறம் 'தாத்தா தீ'ன்னு கத்தாத. தங்கப் பெயிண்டா? வெளிச்சம் வெளிய வரத்தானடா கண்ணாடி! அத அடைச்சுப்புட்டு வெளக்குன்னா எப்படி?

எரியுறப்ப மூடி போடாத, காத்தில்லாம அணைஞ்சிரும். சூடா இருக்குறப்ப பச்சத்தண்ணி ஊத்தாத, பட்டுன்னு வெடிச்சிரும். வத்தி அடிவரைக்கும் எரியட்டும்னு விட்டுட்டுத் தூங்கப் போவாத. இம்புட்டுதான் லா. இதுக்கு அரை நாள் வீடியோ பாக்கணுமா?

படம் புடிச்சு நாலு பேருக்கு அனுப்பிட்டு, போத்தல வேலியிலயே தொங்க விட்டுருவியே, அதுதான் பெரிய கூத்து. நம்ம ஊரு மழைக்குத் தண்ணி தேங்கும். ஒரு வாரம் பத்து நாள்ல ஏடிஸ் கொசு குடித்தனம் பண்ணி, புள்ளகுட்டியோட கெளம்பிரும். டிங்கி வந்தா போத்தல் அழகா இருந்துச்சுன்னு டாக்டரு சும்மா விடுவாரா? கொசு வளக்குற வீட்டுக்கு 1975லயே சட்டம் போட்டு வச்சிருக்காங்க. சுகாதார இலாகா ஆளு வந்து அபராதம் எழுதுனா எங்கிட்ட ரிங்கிட் கேட்டு வராத. திருநாள் முடிஞ்ச மறுநாளே எறக்கி, கழுவி, கவுத்து வச்சிரு.