ஓசிப் பீட்சா ஆற்றுப்படை

அமெரிக்காவின் நடுப்பகுதியில், சோள வயல்களுக்கு நடுவே, ஊருக்குள் கல்லூரி இருக்கிறதா கல்லூரிக்குள் ஊர் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாத இடங்கள் சில உண்டு. அயோவாவின் கிரினெல், ஒஹையோவின் கேம்பியர் போன்றவை. கல்லூரியில் இரண்டாயிரம் மாணவர்கூடத் தேறமாட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு கல்லூரியில், ஆய்வு அறம் கருதிப் பெயர் சொல்லாமல் விடுகிறேன், நான்காண்டு தங்கிக் களப்பணி ஆற்றினேன். முடிவில் பொருளாதாரத்தில் பட்டம் கொடுத்தார்கள். நான் உண்மையில் ஆராய்ந்தது பீட்சாவை. அதுவும் பொருளாதாரம்தான் என்பதால் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

சொல்லாராய்ச்சியிலிருந்து தொடங்குவதே மரபு. கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் அலுவல் கடிதங்களைக் கட்டணமில்லாமல் அனுப்புவதற்காக 'கம்பெனிப் பணி நிமித்தம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக 'ஓ.சி.' என்று உறைமேல் பொறித்தார்கள் என்றும், அதிலிருந்தே 'ஓசி' பிறந்தது என்றும் ஒரு விளக்கம் உலவுகிறது. மொழியறிஞர்கள் இதை ஏற்பார்களோ மாட்டார்களோ, இந்த ஆய்வுக்கு இது மிகவும் வசதியானது. ஏனென்றால் கம்பெனியின் ஓசியை யாரோ ஒருவர் வரியாகக் கட்டியிருந்தார். கல்லூரியின் ஓசிப் பீட்சாவுக்கும் ஏற்கெனவே காசு கட்டியாயிற்று: ஒவ்வொரு பருவமும் மாணவர் செயல்பாட்டுக் கட்டணம் என்று ஒரு வரி ரசீதில் வரும். அந்தக் காசைத்தான் மாணவர் மன்றம் கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். கழகம் அதைப் பீட்சாவாக மாற்றும். நாம் அதை 'ஓசி' என்று நன்றியோடு தின்போம்.

இரண்டாவது விலை தலை. வாசலில் ஒரு தாள் இருக்கும், பெயர் எழுத வேண்டும். எத்தனை தலை வந்தது என்று காட்டினால்தான் அந்தக் கழகத்துக்கு அடுத்த ஆண்டு பணம். ஆகவே எஸ்தோனியப் பாடகர் குழுவைப் பற்றிய உரைக்கு வந்த இருபது பேரில் எத்தனை பேர் எஸ்தோனியாவுக்காக வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. உரையாற்றியவருக்கும் தெரியும். அவரும் ஒரு காலத்தில் மாணவர்தான்.

இங்கே ஒரு சட்ட ஐயம் எழுகிறது. எஃப்-1 விசாவில் வந்தவர் படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். நடுவண் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, நடுநடுவே தலையாட்டி, மூன்று துண்டு பெறுவது கூலியா கொடையா? கூலி என்றால், நூலகத்தில் 20 மணி நேரம் புத்தகம் அடுக்கிவிட்டு எஸ்தோனியாவுக்குப் போனவர் சட்டத்தை மீறியவர் ஆவார். வெளிநாட்டு மாணவர் அலுவலக அதிகாரியிடம் இதைக் கேட்க நினைத்தேன். விசா விஷயத்தில் விளையாட்டுக் கேள்வி கூடாது என்று கோயம்புத்தூர் அண்ணன் தடுத்துவிட்டார். அந்த வளாகத்தில் அவரையும் என்னையும் தவிர வேறு தமிழர் இல்லை.

இனித் திணைப் பகுப்பு. நிலம்: தரைவிரிப்பு போட்ட, ஜன்னல் திறக்காத அறை. சிறுபொழுது: நண்பகல் 12 அல்லது இரவு 10. உணவுக்கூடம் எட்டு மணிக்குள் மூடிவிடும். நம் ஊர்க் கணக்கில் அது டிபன் நேரம். கார் இல்லாதவனுக்குப் பத்து மணிக்கு மேல் ஊரில் பீட்சாக் கடையைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. பெரும்பொழுதில் மிகச் செழிப்பானது ஆகஸ்ட் கடைசி. புதியவர்களை வரவேற்க எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு பெட்டி திறப்பார்கள். அந்த ஒரு வாரத்தைப் பார்த்து, இந்த நாட்டில் சமைக்கவே வேண்டாம் போலிருக்கிறது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. நான் பிரஷர் குக்கரைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

அடுத்தது வரிக்காலம். ஒரு சல்லி சம்பாதிக்காத வெளிநாட்டு மாணவரும் 8843 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். இதைச் சொல்ல ஒரு கூட்டம். படிவத்துக்காக மட்டும் யாரும் வரமாட்டார்கள் என்பதால் பீட்சா. ஒரே பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் வரியில் வெவ்வேறு சாதி என்பது அன்றுதான் தெரியவரும். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவால், அமெரிக்கருக்குக் கிடைக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் இந்திய மாணவருக்கும் கிடைக்கும். சீன மாணவருக்குச் சம்பாத்தியத்தில் முதல் 5,000 டாலருக்கு வரி இல்லை. நேபாளத்துக்கு ஒப்பந்தமே இல்லை. என் அறைத்தோழன் காத்மாண்டுக்காரன். எதுவும் பேசாமல் நாலாவது துண்டை எடுத்தான். நான் தடுக்கவில்லை.

பஞ்சகாலமும் உண்டு. நவம்பர் நான்காம் வியாழன், தேங்க்ஸ்கிவிங். அமெரிக்கப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட, உணவுக்கூடமும் சாத்தப்படும். வான்கோழி விருந்துக்குக் கூப்பிட உள்ளூர்க் குடும்பம் அமைந்தவன் பிழைத்தான். அமையாதவன் புதன்கிழமையே இரண்டு பெட்டியைக் குளிர்பெட்டியில் போட்டுப் பெயர் எழுதி வைப்பான். ஆள் இல்லாத விடுதியில், ஆறிய பீட்சாவை மைக்ரோவேவில் வைத்துவிட்டு அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது பாலைத் திணை. வேறு விளக்கம் வேண்டாம்.

கருப்பொருளில் முதன்மையானது சைவச் சிக்கல். அமைப்பாளர்கள் பத்துப் பெட்டியில் பெரும்பாலானவற்றைப் பெப்பரோனியாகவும் இரண்டை வெறும் சீஸாகவும் வாங்குவார்கள். பெப்பரோனி பன்றியும் மாடும் கலந்தது. ஆகவே பன்றி உண்ணாத கராச்சி நண்பனும், மாடு உண்ணாத காத்மாண்டுக்காரனும், இரண்டையும் உண்ணாத நானும் அந்த இரண்டு பெட்டியைத்தான் நம்பியிருப்போம். எதையும் உண்ணும் அமெரிக்கன் முதலில் எடுப்பதும் சீஸ்தான். இதற்கு இன்றுவரை காரணம் கண்டுபிடிக்கவில்லை. எஞ்சும் சைவம் அன்னாசி போட்டது, அதுவும் பன்றித் துண்டைப் பொறுக்கி எறிந்தால்தான். ஹவாய் என்ற பெயரோடு திரியும் அந்தப் பீட்சாவை 1962இல் கனடாவின் ஒன்டாரியோவில் செய்து விற்றவர் கிரேக்கத்திலிருந்து குடியேறிய சாம் பனோபுலோஸ். பெயர் ஓரிடம், பிறப்பு ஓரிடம், பெற்றவர் ஊர் வேறிடம். எங்கள் மேசையில் உட்கார அதற்கு எல்லாத் தகுதியும் உண்டு என்று பின்னாளில் ஏற்றுக்கொண்டேன். சுவையை ஏற்கவில்லை.

மூடி அட்டை சீஸில் ஒட்டாமல் இருக்கப் பெட்டி நடுவே ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் முக்காலி நிற்கும். நியூயார்க் மாநிலத்தின் கார்மெலா வைடாலி என்ற பெண்மணி 1985இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். என் மேசையில் அவை ஒன்பது சேர்ந்தன; கொலுப் படியில் குட்டி ஆசனமாக வைக்கலாம் என்று ஊருக்கு எடுத்துப்போனேன். கூடவே வந்தவை மிளகாய்ப் பொட்டலங்கள். மற்றவர்கள் பீட்சாவை எடுத்துப் பொட்டலத்தை விட்டுவிடுவார்கள். அண்ணனும் நானும் பொட்டலத்தை விட்டதில்லை. உணவுக்கூடத்து முட்டையை அண்ணன் நான்காண்டு தின்றது அவற்றின் துணையால்தான்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து பாட்டு, ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், பசியோடு எதிரே வருபவனுக்கு வள்ளலின் ஊரையும் வழியையும் அங்கே கிடைக்கும் சோற்றையும் சொல்லி அனுப்புவது. பசித்தவனுக்கு வழி சொல்ல இத்தனை அடிகளா என்று பள்ளியில் அலுத்துக்கொண்டதுண்டு. முதலாண்டு அக்டோபரில் விடுதி வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி வந்தது: அறிவியல் கட்டடம், இரண்டாம் மாடி, பேச்சு முடிந்துவிட்டது, சீஸ் ஒரு பெட்டி முழுசாக இருக்கிறது, பின்கதவு திறந்திருக்கிறது. அனுப்பியவன் கானாக்காரன். ஆற்றுப்படை பாடிய நத்தத்தனார் வரிசையில் வைக்க வேண்டியவன். ஊர், வழி, உணவு, ஓர் உறுப்பும் குறையவில்லை.

அண்ணனின் ஆற்றுப்படை வாய்மொழி வகை. "தம்பி, கூட்டத்துக்குப் போனா முன்வரிசைல உக்காந்துறாதீங்க. பெட்டி வெச்சிருக்கற மேசைக்குப் பக்கத்துல உக்காருங்க. கேள்வி கேக்கச் சொன்னா கேக்கவே கேக்காதீங்க, கூட்டம் நீண்டுரும்." தாம் மட்டும் ஒருமுறை எஸ்தோனியரிடம் கேள்வி கேட்டார். அரை மணி நேரம் பதில் வந்தது. அந்தக் குழுவின் பாட்டை அவர் இப்போதும் கேட்கிறார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

அங்கே இரவு ஏழு என்றால் நம் ஊரில் கோடையில் விடியற்காலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. அம்மா கோலம் போட்டுவிட்டு வந்து போனை எடுப்பார். "சாப்டியா?" "சாப்டேன்மா." "என்ன?" சற்று மௌனம். "இன்னைக்குமா?"

இறுதியாகக் கடைசித் துண்டு. ஐந்து நாட்டுக்காரர்கள் சுற்றியிருந்தால் அதை யாரும் எடுப்பதில்லை. "நீ எடு", "இல்லை, நீ எடு" என்பது எல்லா மொழியிலும் இருக்கிறது. கராச்சிக்காரன் பிளாஸ்டிக் கத்தியால் அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுத்துக்கொள்வான். மீதியை வியட்நாம் பெண் பாதியாக்குவாள். அடுத்து நேபாளம், பிறகு நான். கட்டைவிரல் அளவுக்கு ஒரு துணுக்கு பெட்டி நடுவில், முக்காலிக்குக் கீழே, மரியாதையாகக் கிடக்கும். அப்போது காதில் ஹெட்போனோடு ஓர் அமெரிக்கப் பையன் உள்ளே வருவான். "யாருக்கும் வேண்டாமா?" என்பான். நாங்கள் ஐவரும் தலையாட்டுவோம். வாயில் போட்டுக்கொண்டு போய்விடுவான்.